ஸ்டோமா உள்ளே இழுத்துக்கொண்டபோது

என் ஸ்டோமா உள்ளே போகத் தொடங்கியபோது வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். அம்மா சவ்வரிசிப் பாயாசம் காய்ச்சி, தோட்டத்து வரிசை வீடான எங்கள் லயத்தில் இரண்டு பக்கத்துக் காம்பிராக்களுக்கும் கொடுத்தனுப்பினார். நானும் ஒரு கோப்பை குடித்தேன். குடித்துக்கொண்டிருக்கும்போதே சட்டையின் வலது பக்கம் ஈரமானது. பாயாசம் சிந்திவிட்டது என்றுதான் முதலில் நினைத்தேன்.

அந்த மாதங்கள் முழுவதும் இப்படித்தான் இருந்தன. நடப்பது நல்லதா கெட்டதா என்றே பிரித்தறிய முடியவில்லை. என்னைப்போல் வயிற்றில் பை வைத்திருக்கும் இன்னொருவருக்கு உதவலாம் என்பதால், நடந்த வரிசையில் எழுதப் பார்க்கிறேன். வரிசையாக எழுதுவது என் தொழில் பழக்கம். பதுளையில் கட்டட வரைபடம் படித்துவிட்டு, மலையகத்துத் தேயிலைத் தோட்டங்களில் ஏழு ஏழு பேர்ச் நிலத்தில் கட்டுகிற வீடுகளுக்கு அளந்து படம் வரைகிற வேலையில் இருக்கிறேன்.

வயிற்றுவலி வேலையிடத்தில் ஆரம்பித்தது. இந்தப் பக்கத்தில் வயிறு வலித்தால் எல்லோரும் கேஸ்ட்ரைட்டிஸ் என்பார்கள். நானும் அப்படியே நினைத்து ஒரு குளிசையைப் போட்டுக்கொண்டு சாயங்காலம் வரை நின்றேன். பிறகு வாந்தி நிற்கவில்லை. அண்ணன் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் ஆட்டோவில்தான் பதுளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, ஸ்கேன் என்று ஒன்றன்பின் ஒன்றாக எடுத்தார்கள். சிறுகுடலின் ஒரு பகுதி தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு, இரத்தம் ஓடாமல் கறுத்துவிட்டது என்று சத்திரசிகிச்சை நிபுணர் சொன்னார். அன்றைக்கே வயிற்றைத் திறந்தார்கள். கறுத்த பகுதியை வெட்டியெடுத்து, மிஞ்சிய குடலின் முனையை வயிற்றின் வலது பக்கத்தில் வெளியே இழுத்துத் தைத்துவிட்டார்கள். அந்த வாய்க்குத்தான் ஸ்டோமா என்று பெயர்.

நான் கண்விழித்தபோது அது என்மேல் இருந்தது. சிவப்பாக, ஈரமாக, கன்னத்தின் உட்பக்கம் போல. தொட்டால் வலிக்காது. அதைச் சுற்றி ஒட்டுகிற தட்டு ஒன்று, தட்டில் ஒரு பை. சாப்பிடுவதெல்லாம் தண்ணீராக அந்தப் பையில் வந்து விழும். பையின் அடியைத் திறந்து கழிவறையில் ஊற்றிவிட வேண்டும். சிறுகுடலிலிருந்து வருவதில் செரிக்கும் நீர் இருப்பதால், அது தோலில் பட்டால் தோல் வெந்துபோகும். அதனால் குடல்வாய் தோலுக்கு மேலே ஒரு மொட்டுப் போல நிற்க வேண்டும். அப்போதுதான் வருவது தோலைத் தொடாமல் நேராகப் பைக்குள் விழும். இதையெல்லாம் ஆஸ்பத்திரியில் தெளிவாகவே சொல்லிக்கொடுத்தார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். ஆரம்பத்தில் அது வீங்கியிருக்கும், வீட்டுக்குப் போனபின் வீக்கம் வற்றிச் சிறிதாகும், பயப்பட வேண்டாம் என்று. சில மாதங்களில் குடலை மறுபடி இணைத்து உள்ளே வைத்துவிடலாம் என்றும் சொன்னார் டொக்டர்.

வீட்டில் அதற்குத் தக்காளி என்று பெயர் வைத்தவன் அண்ணன். "இன்னைக்கு தக்காளி எப்படி இருக்கு?" என்று கேட்டுக்கொண்டேதான் காலையில் வருவான். பை மாற்றும்போது நான் கட்டிலில் படுத்துக்கொள்வேன், அம்மா துடைத்துவிடுவார். அப்படி ஒருநாள் பழைய தட்டை எடுத்தபோது மொட்டைக் காணவில்லை. தோலோடு தோலாக ஒரு சிவப்பு வட்டம் மட்டும் தெரிந்தது.

"வத்திருச்சு பாருங்கம்மா," என்றேன்.

அம்மா குனிந்து பார்த்துக் கும்பிட்டார். "ஆறிக்கிட்டு வருது சாமி."

வாசலில் நின்ற அண்ணன், "என்ன, தக்காளி போயிருச்சா?" என்றான்.

"வாய மூடுடா. கண்ணு பட்டுரும்."

கட்டி என்றால் எழும்பி நிற்பது நோய், அமுங்கிப்போவது குணம். தேயிலைக் கொழுந்து பறிக்கிற மலையில் கைகால் நிறைய காயம் பட்டு ஆறவைத்த அம்மாவுக்கு இதில் சந்தேகமே வரவில்லை. வீக்கம் வற்றும் என்று ஆஸ்பத்திரியிலும் சொல்லியிருந்தார்கள் அல்லவா? இரண்டையும் கூட்டிப் பார்த்து நானும் சந்தோஷப்பட்டேன். வற்றுவது வேறு, உள்ளே போவது வேறு என்பது எனக்கு அப்போது தெரியாது.

பாயாசத்துக்குப் பிறகு கசிவு நிற்கவில்லை. சில நாட்கள் தாங்க வேண்டிய தட்டு அரை நாளில் கழன்றது. நாங்கள் செய்தவற்றை இப்போது நினைத்தால் ஒன்றுவிடாமல் எல்லாம் தலைகீழ். தோல் எரிந்ததால் அம்மா தேங்காய் எண்ணெய் தடவினார். எண்ணெய் பட்ட தோலில் தட்டு ஒட்டவே இல்லை. தட்டு குடல்வாயை நெரிக்கிறதோ என்று பயந்து நான் தட்டின் துவாரத்தைப் பெரிதாக, இன்னும் பெரிதாக வெட்டினேன். வெறும் தோல் அதிகமாக வெளியே தெரிந்து, அதுவும் வெந்தது. பிள்ளை பெற்றவளுக்குக் கட்டுவது போல அம்மா ஒரு பழைய சேலைத் துண்டை வயிற்றைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். குடல் இறங்கக்கூடாதாம். கட்டியபின் பைக்குள் ஒன்றும் விழவில்லை, எல்லாம் தட்டுக்கு அடியால் இடுப்புக்குப் போனது.

பிறகு நான் என் தொழிலைப் பயன்படுத்தினேன். பள்ளம் இருந்தால் தண்ணீர் அங்கே தேங்கும், பள்ளத்தை நிரப்பினால் தேங்காது. இதைத்தானே படித்தேன்? தட்டோடு தந்த பசையை எடுத்து, குடல்வாயைச் சுற்றி அடுக்கடுக்காகப் பூசி, மட்டம் பார்த்துத் தட்டை ஒட்டினேன். படுத்திருக்கும்வரை மிக நன்றாக இருந்தது. வெந்த தோலில் பசை மிளகாய் போல எரிந்ததைப் பொறுத்துக்கொண்டேன். எழுந்து உட்கார்ந்ததும் எல்லாம் ஒரு பக்கமாகப் பிளந்துகொண்டது. என் கணக்கில் எங்கே பிழை என்று எனக்கு விளங்கவே இல்லை.

உட்கார்ந்தால்தான் கசிகிறது என்பதை மட்டும் கவனித்திருந்தேன். அதனால் மடிக்கணினியை அலுமாரி மேல் வைத்து, நின்றுகொண்டே படம் வரைந்தேன். அண்ணனின் ஆட்டோவில் ஏறினால் உட்கார வேண்டும். ஒருமுறை டவுனுக்குப் போகும்போது ஆசனமெல்லாம் நனைந்துவிட்டது. அவன் கண்ணாடியில் பார்த்தான். மறுநாள் ஆசனத்துக்குப் புது ரெக்சின் உறை போட்டிருந்தது. "பழசு கிழிஞ்சிருச்சு, அதான்," என்றான். பழையது கிழிந்திருக்கவில்லை.

கிளினிக் நாள் வந்தது. அம்மாவோடு பஸ்ஸில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் உட்கார வேண்டும். வழியில் நாறினால் என்ன செய்வது என்று முந்தின நாள் மத்தியானத்திலிருந்து சாப்பிடவில்லை, தண்ணீரும் ஒரு மிடறுதான். கிளினிக் வரிசையில் என் இலக்கத்தைக் கூப்பிடுவது கேட்டது. எழுந்தேன். அதற்குப் பிறகு நினைவிருப்பது ஆஸ்பத்திரி வாட்டின் கூரைதான்.

கையில் சேலைன் ஏறிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற தாதி யாழ்ப்பாணத்துக்காரர். இங்கே தாதிகளை மிஸ் என்றுதான் கூப்பிடுவோம்.

"கடைசியா எப்ப பிள்ளை சாப்பிட்டனீர்?"

"நேத்து மத்தியானம் மிஸ்."

"ஏன்?"

"சாப்பிட்டா வரும் மிஸ்."

"சாப்பிடாட்டிலும் வரும். குடல் உம்மட்டக் கேட்டு வேலை செய்யிறேல்லை."

சிறுகுடல் ஸ்டோமா உள்ளவர்கள் பட்டினி கிடக்கவோ தண்ணீரைக் குறைக்கவோ கூடாது என்பதை அன்றைக்குத்தான் உறைக்கிற மாதிரி படித்தேன். பை வழியாகத் தண்ணீரும் உப்பும் சேர்ந்தே போய்விடுகின்றன. தலைசுற்றல், வாய் வறட்சி, கடும் மஞ்சளாகச் சிறுநீர் எல்லாம் எனக்கு முந்தின இரவே இருந்தன. பயணப் பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன்.

மிஸ் திரையை இழுத்துவிட்டுத் தட்டைக் கழற்றினார். காய்ந்துபோன பசை அடுக்குகளைப் பார்த்தார். "இதென்ன, பூச்சு வேலையோ? யார் மேசன்?"

"நான்தான் மிஸ்."

பிறகு என் கையில் ஒரு கண்ணாடியைத் தந்தார். படுத்தபடியே பார்த்தேன். சிவப்பு வட்டம், சுற்றிலும் வெந்த தோல். "இப்ப எழும்பிக் கதிரையில இரும். குனிஞ்சு பாரும்," என்றார். உட்கார்ந்தேன். வயிறு மடிந்தது. குடல்வாய் சுருக்குப்பையின் வாய் போல உள்ளே போய், மடிப்பு அதன்மேல் வந்து மூடிக்கொண்டது. நான் அதை அப்படிப் பார்த்ததே இல்லை.

"படுத்துக்கொண்டு பார்த்தால் எல்லாற்ற வயிறும் மட்டமாத்தான் கிடக்கும்," என்றார் மிஸ். "ஒவ்வொருக்காலும் படுத்துக்கொண்டோ மாத்தினனீர்?"

ஆமாம். என் பிழை அதுதான். அசையாத நிலத்தை அளப்பது போல வயிற்றை அளந்திருக்கிறேன்.

அம்மா கட்டில் ஓரத்தில் நின்றிருந்தார். "அப்ப இது ஆறிக்கிட்டு வரலையா மிஸ்?"

"இல்லையம்மா. ஆறுறதெண்டால் சின்னதாகும், ஆனாலும் மேல நிக்கும். இது உள்ளுக்க இழுபட்டுட்டுது."

அம்மா மெதுவாக, "நாங்க பாயாசமெல்லாம் காய்ச்சுனோம் மிஸ்," என்றார்.

"எனக்கு ஒரு வாய் வைச்சிருக்கலாமே அம்மா," என்று மிஸ் சொன்னார். அம்மாவுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. எனக்கும் தெரியவில்லை.

டொக்டர் மறுநாள் வந்தார். சிங்களத்தில் மெதுவாகச் சொன்னார். எனக்குச் சிங்களம் நன்றாக வரும், ஆனாலும் இரண்டு முறை கேட்டேன். குடல்வாய் உள்ளே இழுபட இரண்டு காரணங்கள் இருக்கலாமாம். அவசரச் சத்திரசிகிச்சையில் குடல் வீங்கியிருந்ததால், அது தளர்வில்லாமல் இழுத்துத்தான் தைக்கப்பட்டது. அதற்குப் பிறகு என் வயிற்றில் சதை போட்டிருக்கிறது, தோல் உயர்ந்துவிட்டது, குடல் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது. (இதை அண்ணனிடம் சொன்னபோது, "அம்மா ஆட்டெலும்பு சூப்பால தக்காளிய அமுக்கிட்டாங்க," என்றான். அம்மா அவனோடு இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.)

அடுத்து டொக்டர் சொன்னதுதான் என் தூக்கத்தைப் பறித்தது. கசிவை அடக்கித் தோலை ஆறவைக்க முடிந்தால், குடலை இணைக்கும் நாள் வரை இப்படியே ஓட்டலாம். முடியாவிட்டால் இப்போதே வயிற்றைத் திறந்து, குடல்வாயை மறுபடி இழுத்துத் தைக்க வேண்டும். முதல் காயம் இன்னும் உள்ளே பச்சையாக இருக்கிறது, குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடக்கும், பிரிக்கும்போது கிழியலாம். இப்போது திறப்பதை அவரும் விரும்பவில்லை. அடுத்த கிளினிக்கில் பார்த்து முடிவு சொல்வதாகச் சொன்னார்.

ஆக எல்லாம் ஒரு தட்டு ஒட்டுமா ஒட்டாதா என்பதில் வந்து நின்றது. இவ்வளவு பெரிய ஒன்றை இவ்வளவு சின்ன ஒன்று தீர்மானிக்கும் என்று நம்ப எனக்குக் கஷ்டமாக இருந்தது.

வாட்டில் இருந்த மிச்ச நாட்களில் மிஸ் எனக்குச் சொல்லிக்கொடுத்தவை இவை. உள்ளே இழுபட்ட குடல்வாய்க்குத் தட்டையான தட்டு சரிவராது. தோலில் படும் பக்கம் குவிந்து புடைத்த தட்டு வேண்டும், தேநீர்ச் சாசரின் அடிப்பக்கம் போல. அது சுற்றியுள்ள தோலை அழுத்தி, குடல்வாயைக் கொஞ்சம் வெளியே எட்டிப் பார்க்க வைக்கும். எந்தக் குவிவு, எவ்வளவு கடினம் என்பதெல்லாம் ஆளுக்கு ஆள் மாறும், தெரிந்தவர் உட்காரவைத்துப் பார்த்தே தேர்வு செய்ய வேண்டும். தவறானதைப் போட்டால் தோல் அழுந்திப் புண்ணாகும். துவாரத்தைப் பள்ளத்தின் அளவுக்கு வெட்டக்கூடாது, குடல்வாயின் அளவுக்கு வெட்ட வேண்டும். எண்ணெய் கூடாது, பைமேல் சேலைத் துண்டு கட்டவும் கூடாது (இதற்கு அம்மாவுக்கு ஏச்சு விழுந்தது). வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, ஒற்றி, காயவிட வேண்டும். வெந்த இடத்தில் அதற்கான பவுடரைத் தூவி, மிஞ்சியதைத் தட்டிவிட வேண்டும். காலையில் சாப்பிடுவதற்கு முன் மாற்றுவது நல்லது, அப்போது வருவது குறைவு. குடல்வாய் கறுத்தால், அல்லது ஒன்றும் வராமல் வயிறு வலித்து வாந்தி வந்தால், கிளினிக் நாள் பார்க்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

கடைசியாக, குவிந்த தட்டின் இரண்டு காதுகளில் மாட்டுகிற இழுபடும் பட்டி ஒன்றை எடுத்து என் இடுப்பைச் சுற்றிக் கட்டினார்.

அம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். மிஸ் அந்தப் பக்கம் போனதும் என் காதருகில் வந்தார். "நான் கட்டுனப்ப ஏசுனாங்க. இப்ப இவங்களே கட்டுறாங்க!"

"அம்மா, நீங்க பைமேல கட்டுனீங்க. இது தட்ட மட்டும் புடிக்குது, பை தொங்குது பாருங்க."

"என்னமோ. கட்டுறது கட்டுறதுதானே."

நான் விளக்கினேன். பையை அமுக்கினால் வருவதற்கு இடமில்லை, அதனால் தட்டுக்கு அடியில் போகும். அம்மா தலையாட்டினார். ஆனால் தான் பாதி சரியாகத்தான் செய்தோம் என்ற எண்ணம் அவரை விட்டுப் போகவில்லை. யோசித்துப் பார்த்தால் அதுவும் பொய்யில்லை.

ஆஸ்பத்திரியில் வாட்டு, வைத்தியம் எல்லாம் இலவசம். ஆனால் இந்த வகைத் தட்டு எப்போதும் கையிருப்பில் இருப்பதில்லை. மிஸ் தந்தது தீர்வதற்குள் வெளியே தேட வேண்டும். பஜாரில் ஒரு பாமசி, நடத்துகிறவர் ஒரு முஸ்லிம், நானா என்று கூப்பிடுவோம். மிஸ் எழுதித் தந்த துண்டைப் பார்த்துவிட்டு, "இது எங்கட கடையில நிக்காது தங்கச்சி. கொழும்புக்குச் செல்லி எடுத்துத் தாரேன்," என்றார். விலையைச் சொன்னபோது அம்மா என் முகத்தைப் பார்க்காமல் வீதியைப் பார்த்தார். சில நாட்களில் வந்துவிட்டது. நானா அதைக் கேக் பெட்டி ஒன்றுக்குள் வைத்து நூலால் கட்டித் தந்தார். "பஸ்ஸில யாரும் கேட்டா கேக்கெண்டு செல்லுங்க."

வீட்டுக்கு வந்தபின் உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. முதல் தட்டு ஒரு நாள்கூடத் தாங்கவில்லை. பவுடரைத் தட்டிவிட மறந்திருந்தேன். இரண்டாவது நன்றாக ஒட்டியது, ஆனால் பட்டியை மிக இறுக்கிக் கட்டித் தோலில் சிவந்த தடம் விழுந்தது. மூன்றாவதும் ஓரத்தில் கசிந்தது. அதற்குக் காரணம் இன்றுவரை தெரியாது. அந்தத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, இனி வயிற்றைத் திறக்கத்தான் போகிறார்கள் என்று அழுதேன். அம்மா அன்றைக்குப் பேர் போடாமல், அதாவது வேலைக்குப் போகாமல், என்னோடு இருந்தார். கதிரையை எனக்கு முன்னால் இழுத்துப் போட்டார். "ஒக்காரு. ஒக்காந்து பாப்போம். மிஸ்ஸு அப்படித்தானே சொன்னாங்க."

அதன்பின் ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து, நின்று, குனிந்து, இருமிப் பார்த்தே ஒட்டினோம். நின்றபடி, வயிற்றுத் தோலை இடது கையால் மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒட்டினால் என் வயிற்றுக்குச் சரிவருகிறது. இன்னொருவருக்கு வேறு மாதிரி இருக்கலாம். மெல்ல மெல்லத் தட்டு ஒரு நாள் தாங்கியது, பிறகு இரண்டு, பிறகு அதற்கும் மேல். எரிச்சல் போய் அரிப்பு வந்தது. அரிப்பு என்றால் ஆறுகிறதா, வேறு ஏதாவதா? நல்ல அறிகுறி என்று நினைத்ததில் ஒருமுறை ஏமாந்தவள், அதை யாரிடமும் சொல்லாமல் இருந்தேன். அம்மா பாயாசம் பற்றிய பேச்சையே எடுக்கவில்லை.

கிளினிக்குக்கு இந்தமுறை சாப்பிட்டுவிட்டுப் போனேன். ரொட்டியும் சம்பலும், ஒரு போத்தல் உப்புச் சீனித் தண்ணீர். பஸ்ஸில் வழியெல்லாம் கை தட்டின்மேலேயே இருந்தது.

டொக்டர் படுக்கவைத்துப் பார்த்தார். உட்காரவைத்துப் பார்த்தார். தோலை விரலால் அழுத்தினார். மிஸ் பக்கத்தில் நின்றுகொண்டு என் முகத்தையே பார்த்தார். நான் கேட்க வேண்டியதைத் தாளில் எழுதி வைத்திருந்தேன். முதலாவது கேள்வி, இப்போது திறக்க வேண்டுமா. அதைக் கேட்பதற்கு முன்பே டொக்டர் கையுறையைக் கழற்றினார்.

"இப்போது வேண்டாம்," என்றார். தோல் ஆறிவிட்டது. தட்டு பிடிக்கிறது. குடல்வாய் உள்ளே இழுபட்டது உள்ளே இழுபட்டதுதான், அது தானாக வெளியே வராது. ஆனால் கசியாதவரை அது எங்கே இருந்தாலும் அவருக்குப் பரவாயில்லை. இணைக்கும் நாள் வரை இப்படியே கொண்டுபோவோம், எடை மட்டும் இனிக் கூடக்கூடாது.

நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்தேன். மற்றக் கேள்விகளை மறந்துவிட்டேன்.

திரும்பும் பஸ் நிறைந்திருந்தது. அம்மாவுக்கும் எனக்கும் பின்னால் இடம் கிடைத்தது. பஸ் டவுனைத் தாண்டியதும் அண்ணன் அம்மாவின் போனுக்கு எடுத்தான். எஞ்சின் சத்தத்துக்கு மேலே அம்மா கத்த வேண்டியிருந்தது.

"தொறக்கலையாம்டா! ... இல்ல, வெளிய வரல. ... வராதாம். ... ஆமா, உள்ளதான் இருக்கு, அப்படியேதான் இருக்கு. ... மருந்தா? மருந்தும் குடுக்கல. ஒன்னுமே செய்யல! ... ஏன்டா அப்படிக் கேக்குற, நல்ல சேதிதான்னு சொல்றேன்ல!"

முன் ஆசனத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"நல்ல சேதிதானே?"

"ஆமாம்மா."

"எனக்கு வெளங்கல."

"எனக்கும் முழுசா வெளங்கலம்மா. ஆனா நல்லதுதான்."

அம்மா போனை மறுபடி காதில் வைத்து, முன்னைவிடச் சத்தமாக, "நல்ல சேதியாம்டா!" என்றார்.